காவலோ, நோயோ?
மலையகத்தில் உறங்காத இரவுகள்

உறக்கத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. துயில், துஞ்சல், கண்படை, அனந்தல், உறக்கம், தூக்கம் என்றெல்லாம் கூறுகின்றோம். வடமொழியினின்று வந்த நித்திரையையும் நமதாக்கிக் கொண்டோம். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சாயல் உண்டு. அனந்தல் என்பது பாதி உறக்கம். தூங்குதல் என்பதற்குத் தொங்குதல், அசைதல் என்பனவும் பொருள். துஞ்சுதலோ உறங்குதலையும் இறத்தலையும் ஒருங்கே உணர்த்துவது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்ற பெயரைப் படிக்கும் மாணவன், மன்னன் அங்கே கண்ணயர்ந்தான் என்று கருதிவிடாதபடி விளக்கஞ் சொல்லும் கடமை தமிழாசிரியருக்கு ஆண்டுதோறும் உண்டு.

இத்துணைப் பெயர்களைக் கண்ட மொழி, உறக்கம் வாராமையைப் பெரும்பாலும் எதிர்மறைச் சொற்களாலேயே சுட்டி வந்திருக்கிறது. உறங்காமை, துயிலாமை என்பதற்கு மேல் நாம் போவதில்லை. இதனைக் குறையென்று நான் கொள்வதில்லை. உறங்காமையை நம் முன்னோர் தனித்து நிற்கும் ஒரு பொருளாகக் கருதாமல், வேறொன்றன் அடையாளமாகவே கண்டனர் என்பதற்கு அது சான்று.

அந்த வேறொன்று யாது? நம் இலக்கியங்களில் இரு வகை விழிப்புகள் உண்டு. ஒன்று, இலக்குவனுடைய விழிப்பு. வனவாசத்தில் தமையனும் அண்ணியும் உறங்க, வில்லேந்தி இரவெல்லாம் நின்றவன் அவன். மற்றொன்று, அகப்பாடல்களின் தலைவியுடைய விழிப்பு. ஊரெல்லாம் அடங்கிய நள்ளிரவில் அவள் ஒருத்தியின் கண்கள் மட்டும் மூட மறுக்கின்றன. முன்னது காவல், பின்னது நோய். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவியின் நிலைகளை நிரல்படுத்துமிடத்து, பசி வருத்துவதையும், உணவு குறைவதையும், உடம்பு சுருங்குவதையும், கண்கள் துயிலை மறுப்பதையும், கனவோடு மயங்குவதையும் அடுத்தடுத்து வைக்கின்றார். இன்றைய மனநல மருத்துவர் ஒருவர் மனச்சோர்வுற்றவரிடம் பசியையும், எடையையும், உறக்கத்தையும் வரிசையாகக் கேட்பதை ஒருமுறை கண்டவர், அந்நூற்பாவின் நுட்பத்தை எண்ணி வியவாதிருக்க முடியாது. மெய்ப்பாடு என்ற பெயரே பொருள் பொதிந்தது. உள்ளத்தில் நிகழ்வது உடலின் வாயிலாகப் புலப்படுதல் என்பது அதன் கருத்து.

ஊவாவின் மலைத்தோட்டங்களில் வாழ்வோரைப் பல்லாண்டுகளாக அறிந்தவன் என்ற முறையில், இவ்விரண்டின் வேறான மூன்றாவது விழிப்பு ஒன்றும் உண்டென்று கூறத் துணிகின்றேன். காவல் முடிந்த பின்னரும் அது முடிந்ததை அறியாத கண்களின் விழிப்பு அது.

மண் அசைந்த மலைகள்

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில், பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயன்கள் மண்ணுள் புதைந்தன. பெரட்டு முடிந்து மலைக்குச் சென்றவர்களும், பள்ளிக்கூடம் சென்ற பிள்ளைகளும் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுட் பலருக்கு வீடும் இல்லை, வீட்டிலிருந்தோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தமை பின்னர் பெரிதும் பேசப்பட்டது. எஞ்சியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலே நெடுங்காலம் தங்கினர். 2016 ஆம் ஆண்டில் பூனாகலைப் பக்கத்து மகல்தெனியாவில் புதிய வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அதன் பின்னரும் மலைகள் அமைதியுறவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இலங்கையைத் தாக்கியபோது, பதுளை மாவட்டம் மிகக் கொடிய அழிவைக் கண்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வாறான நாட்டிலே, ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்து இரவொன்றில் ஒருவர் உறங்காதிருக்கின்றார் என்றால், அதற்கு என்ன பெயர் கொடுப்பது? லயத்தின் பின்சுவரில் வெடிப்புக் கண்டவர், மழை வலுக்கும்போது விளக்கேற்றி உட்கார்ந்திருப்பது இலக்குவனுடைய விழிப்பு. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்பதை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் உணர்த்துகின்றார். அவருக்கு வேண்டுவது பாதுகாப்பான மனை, மாத்திரை அன்று. அவரது விழிப்பை மனநோய் என்று எழுதிவிட்டால், மலையின் குற்றம் மனிதனுடைய மனத்தின் மேல் ஏறிவிடும்.

ஆனால் அதே மனிதர் உறுதியான நிலத்தில் கட்டிய புதிய வீட்டுக்குக் குடிபெயர்ந்து, ஆண்டுகள் சில கடந்த பின்னரும், வானம் தெளிந்த இரவிலும் மூன்று மணிக்கு எழுந்து உட்காருவாராயின், அது வேறு. அவ்விரண்டையும் பிரித்தறிவதற்கே நோய்நாடல் என்று பெயர்.

ஒரு சொல்லுக்குள் நான்கு நோய்

தோட்டத்து வைத்தியசாலைக்கோ அரசினர் கிளினிக்குக்கோ செல்லும் ஒருவர், “தூக்கம் வர மாட்டேங்குதுங்க” என்கிறார். இவ்வொரு தொடருக்குள் வேறுபட்ட நிலைகள் நான்கு அடங்கும். படுத்தும் நெடுநேரம் கண்ணயராமை ஒன்று. அயர்ந்தும் இடையிடையே விழித்தல் மற்றொன்று. விடியற்கு முன்பே விழித்து, மீண்டும் உறங்க இயலாமை மூன்றாவது. கனவுக்கு அஞ்சி உறங்கவே விரும்பாமை நான்காவது. மனக்கவலை மிக்கவரிடத்து முதலாவதும், மனச்சோர்வுற்றவரிடத்து மூன்றாவதும், பேரிழப்புக்கு ஆளாகி மனவடுப்பட்டவரிடத்து நான்காவதும் மிகுதியாகக் காணப்படும். மாலையில் குடித்துவிட்டுப் படுப்பவன் விரைவிலே உறங்கி நடுச்சாமத்தில் விழிப்பான். மது உறக்கத்தைத் தருவது போலக் காட்டி, பின்னிரவில் அதனைப் பறித்துக்கொள்ளும்.

உடற்காரணங்களும் உள. ஈளை, மூட்டுவலி, கழுத்துக் கழலை நோய், உரத்த குறட்டையோடு மூச்சு அடைபடுதல் ஆகியன உறக்கத்தைக் கெடுப்பன. இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கு இரவில் கால்கள் குடைந்து, அசைத்தால் அன்றி ஆறாத ஒரு தொல்லை வருவதுண்டு. இரத்தசோகை உள்ள பெண் தொழிலாளி ஒருவர், “கால் குடைச்சல், தூக்கமில்லை” என்றால், அவருக்கு இரத்தப் பரிசோதனையே முதலில் வேண்டும். தேயிலை விளையும் நாட்டில் வாழும் நாம் மறந்துவிடுவது ஒன்றுண்டு. இரவுணவுக்குப் பின் குடிக்கும் சாயத்தண்ணியின் விழிப்பூட்டும் சத்து, ஐந்தாறு மணி நேரம் சென்ற பின்னரும் ஏறத்தாழப் பாதியளவு உடலில் தங்கியிருக்கும்.

இவற்றையெல்லாம் கேட்டறிய நேரமும் வேண்டும், மொழியும் வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் கிளினிக்கின் மேசையில் நிகழ்வது யாது? மருத்துவர் சிங்களம் பேசுகிறார். குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுகிறார். நோயாளர் தமிழில் சொல்கிறார். இடையே மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் கூட வந்த மகனோ, பேத்தியோ. கணவன் அடிப்பதைத் தாயொருத்தி தன் பத்தாம் வகுப்பு மகனின் வாயால் எவ்வாறு சொல்லுவாள்? வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகளிடமிருந்து ஆறு மாதமாகச் செய்தி இல்லை என்பதைப் பேத்தியின் முன்னிலையில் எவ்வாறு அழுவாள்? “மண்டை கொதிக்குது, நெஞ்சு படபடக்குது, தூக்கமில்லை” என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். கிளினிக் கொப்பியில் ஒரு சொல் விழுகிறது. அதன் கீழ் ஒரு மாத்திரையின் பெயர். மறுமாதம் அதே சொல், அதே பெயர். காரணம் எழுதப்படாத நோய் ஆண்டுக்கணக்கில் அவ்வாறே பிரதி செய்யப்படுகிறது.

மருத்துவ நூலின் இலக்கணம்

இலக்கணப் பயிற்சி உள்ளவனுக்கு மருத்துவர்களின் வகைப்பாட்டு நூல்களைப் படிப்பது ஒருவகை இன்பம். சூத்திரமும் விதிவிலக்கும் அங்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1992 ஆம் ஆண்டில் வெளியிட்ட பத்தாம் வகைப்பாடு, உடலுறுப்பிற் காரணம் காணப்படாத உறக்கமின்மையை மனநோய்களின் அதிகாரத்துள்ளே வைத்தது. வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், ஒரு மாதமேனும் நீடிக்க வேண்டும் என்பது அதன் விதி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட ஐந்தாம் கையேடு, கால எல்லையை மூன்று மாதமாக்கியதோடு இன்னொரு பெரிய மாற்றத்தையும் செய்தது. முதன்மை உறக்கமின்மை, பிற நோயின் வழிவந்த உறக்கமின்மை என்று அதுகாறும் இருந்த பிரிவினையை நீக்கிவிட்டது. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினொராம் வகைப்பாடோ, உறக்கக் கேடுகளை மனநோயிலும் சேர்க்காமல், நரம்பு நோயிலும் சேர்க்காமல், தனி அதிகாரமாகவே அமைத்துவிட்டது.

இம்மாற்றம் ஏன்? கவலையோ துயரமோ உறக்கத்தைக் கெடுக்கிறது என்பது உண்மை. ஆனால் கெட்ட உறக்கம் தனக்கென ஓர் உயிர் பெற்றுவிடுகிறது. முதற்காரணம் நீங்கிய பின்னரும் அது நீங்குவதில்லை. ஸ்பீல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1987 ஆம் ஆண்டளவில் இதனை மூன்று காரணங்களாக வகுத்துக் காட்டினார். இயல்பிலேயே அமைந்த மென்மை ஒன்று. தூண்டிவிட்ட நிகழ்ச்சி மற்றொன்று. நீடிக்கச் செய்யும் பழக்கங்கள் மூன்றாவது. விறகும், நெருப்புப் பொறியும், பின்னர் ஊதிக்கொண்டே இருக்கும் காற்றும் போல்வன இவை. பொறி அணைந்து ஆண்டுகள் பலவாயினும், காற்று நின்றாலன்றித் தீ நிற்பதில்லை. தொல்காப்பியர் கண்ட மெய்ப்பாட்டு நிலை நோயின் தொடக்கத்துக்குப் பொருந்தும். நாட்பட்ட நோய்க்கு இம்மூன்றாம் காரணத்தையும் சேர்த்தே நாடுதல் வேண்டும். நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வழியையும் வரிசையாக நாடும்படி வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த முறையும் இதற்கு இடந்தருகிறது.

இன்னொரு விதி நம்மவர்க்கு மிக முக்கியமானது. உறங்குவதற்குப் போதிய வாய்ப்பும் சூழலும் இருந்தும் உறக்கம் வாராவிடின் மட்டுமே அது இந்நோய் எனப்படும் என்பது அவ்விதி. ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை படுத்து, பக்கத்துக் காம்பராவின் சண்டை தகரக்கூரை வழியே கேட்டு, விடிவதற்கு முன் எழுந்து தண்ணீர் பிடித்துச் சமைக்க வேண்டிய பெண்ணுக்கு இவ்விதியை எவ்வாறு பொருத்துவது? அவளுக்கு நோய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாய்ப்பே இல்லை என்பதை முதலில் எழுத வேண்டும்.

பதினான்கு இரவுகள்

அறுபது கடந்த அம்மையார் ஒருவரை அவரது இசைவுடன், பெயரும் ஊரும் விடுத்து இங்கே குறிப்பிடுகிறேன். மண்சரிவுக்குப் பின் பாதுகாப்பான இடத்தில் குடியேற்றப்பட்டவர். மனு எழுதித் தரும்படி வந்தவரிடம் பேச்சு வேறு திசையில் சென்றது.

“மழைச் சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்குவேங்க ஐயா. மலை பேசுதான்னு காது குடுத்துக்கிட்டே இருப்பேன்” என்றார்.

“மழை இல்லாத அன்னைக்கு, அம்மா?”

“அன்னைக்கும் அப்படித்தாங்க. பழகிப் போச்சு.”

அவருடைய கொப்பியில் ஆங்கிலச் சொல் ஒன்றும் மாத்திரைப் பெயர் ஒன்றுமே இருந்தன. மருத்துவர்கள் உறக்க நாட்குறிப்பு என்று ஒன்று எழுதச் சொல்வதை நான் படித்திருந்தேன். இரண்டு வாரம் எழுதுவது வழக்கம். மாணவர் பயிற்சிக் கொப்பி ஒன்றில் கட்டம் வரைந்து கொடுத்தேன். படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், எத்தனை முறை விழிப்பு, இறுதியாக விழித்த நேரம், பாயை விட்டு எழுந்த நேரம், பகலுறக்கம், தேநீரும் மாத்திரையும், மழை உண்டா இல்லையா — இவ்வளவே. இரவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. காலையில் நினைவிலிருந்து குத்துமதிப்பாகச் சொன்னாற் போதும் என்பது விதி. அவர் சொல்ல, பேத்தி எழுதினாள்.

பதினான்கு இரவுகளில் ஐந்து இரவு மழை. அவ்வைந்திலும் மழை ஓயும்வரை உறக்கமில்லை. அஃது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது மற்றைய ஒன்பது இரவுகளின் கணக்கு. மாலை ஏழரைக்கே படுத்து, காலை ஐந்தரைக்கு எழுகிறார். பாயில் கிடப்பது பத்து மணி நேரம். உறங்குவதோ ஏறத்தாழ ஐந்து மணி நேரம். நூற்றுக்கு ஐம்பதே பயன். எண்பத்தைந்தளவு இருப்பது நன்று என்பர். பகலில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் கண்ணயர்கிறார். படுக்குமுன் ஒரு கோப்பைச் சாயத்தண்ணி. இவை யாவும் அவர் மறைத்தவை அல்ல, ஒருவரும் கேளாதவை.

அக்குறிப்பைச் சிங்களத்தில் ஒரு பக்கமாக எழுதிக் கொடுத்தேன். மருத்துவர் அதனைப் பொறுமையாகப் படித்துவிட்டுக் கேள்வி ஒன்று கேட்டார்: விழித்ததும் முதலில் என்ன தோன்றுகிறது? அம்மையார் தயங்கி, “மண் வாசனை வருதுங்க” என்றார். அச்சிறு தொடரைச் சிங்களத்தில் ஆக்கியபோது எனக்கு நாத் தழுதழுத்தது. அன்று மாத்திரை கூட்டப்படவில்லை. மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் எழுதப்பட்டது. கொப்பியில் முதன்முறையாகக் காரணமும் இடம்பெற்றது.

நீடித்த உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னதாக, எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பயிற்சியே தரப்பட வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016 இல் பரிந்துரைத்தது. அதன் கூறுகள் எளியன. உறக்கம் வந்தால் மட்டும் படுத்தல்; நெடுநேரம் வாராவிடின் எழுந்து வேறிடம் சென்று அமர்தல்; எப்போது உறங்கினாலும் ஒரே நேரத்தில் எழுதல்; பாயில் கிடக்கும் நேரத்தை உறங்கும் நேரத்துக்கு ஏற்பச் சுருக்கிப் பின் சிறிது சிறிதாகக் கூட்டுதல். இதில் இறுதியானதை மருத்துவர் மேற்பார்வையிலேயே செய்ய வேண்டும். வேறிடம் சென்று அமர ஒற்றைக் காம்பராவில் இடமேது என்று கேட்பீர்கள். அடுப்படியில் ஒரு பலகை போதும். அந்த அம்மையாருக்கு அதுவே உதவிற்று. மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தாமாகக் கூட்டுவதும் ஒருபோல் தீங்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் முற்றும் குணமடைந்தார் என்று எழுத எனக்கு ஆசை. பெருமழை இரவுகளில் இன்றும் அவர் விழித்தே இருக்கிறார். மற்றைய இரவுகளில் பத்துமணிக்குப் படுத்து நான்கு மணிவரை உறங்குகிறார். அவருக்கு அது பெரிது.

ஆசிரியர் கடன்

இச்செய்தியை ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்கும் இவ்விலக்கியப் பக்கத்தில் ஏன் எழுதுகிறேன் என்று சிலர் எண்ணலாம். எழுத்தறிவு நம்மிடம் இருக்கிறது. மலையகத்தின் பல குடும்பங்களுக்கு நாமே எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் ஆகின்றோம். பிறப்புச் சான்றுக்கும் பென்சன் பணத்துக்கும் எழுதும் கை, பதினான்கு இரவுகளையும் எழுதலாம். வகுப்பில் மழைநாளின் மறுநாள் மேசையில் தலை கவிழ்ந்து உறங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கூறுமுன், நேற்றிரவு வீட்டில் யார் விழித்திருந்தார் என்று கேட்கலாம். மொழிபெயர்க்கும்போது சுருக்காமல், நோயாளர் சொன்ன சொல்லையே கொண்டு செல்லலாம். “மனசு சரியில்லை” என்பதைத் தலைவலி என்று மாற்றிவிடுதல் பிழையான உரை எழுதுவதற்கு ஒப்பாகும். அப்பிழையால் வருந்துபவர் வேறொருவர்.

நாம் கேட்டறியும் செய்தி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியதாயின், நாட்குறிப்புக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் வகுப்பறைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

எல்லா விழிப்புகளும் மனத்தின் நோயல்ல. சரிவில் நிற்கும் லயங்களில் வாழ்வோருக்கு முதல் மருந்து, சரியாத நிலம். அதனை எழுத வேண்டிய இடம் கிளினிக் கொப்பி அன்று, அரசினர் கோப்பு. அந்நிலம் கிடைத்த பின்னும் மூடாத கண்களுக்கு மருத்துவரும், மருத்துவரிடம் கொண்டு செல்லத்தக்க நேரிய குறிப்பும் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி ஒரே மாத்திரையை எழுதுகின்ற வரையில், ஊவாவின் மலைகளில் விளக்குகள் நள்ளிரவிலும் எரிந்துகொண்டே இருக்கும்.